பிறவி எலும்பும் பதித்த உலோகமும்

மனித உடம்பின் உறுப்புகளுள் எலும்பைப் போல் மௌனமானது வேறொன்றில்லை. இதயம் துடித்துத் தன்னை அறிவிக்கிறது. வயிறு பசித்துத் தன்னை நினைவூட்டுகிறது. எலும்போ முறிந்த அன்றுதான் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. அதனாலேயே அதை உயிரற்ற கல்லைப் போலவும், வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்தரத்தைப் போலவும் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. எலும்பு உயிருள்ளது, நாள்தோறும் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்வது. அதில் ஓர் உலோகத் திருகாணியைப் பதித்தால், அந்த உலோகத்தை ஏற்பதா தள்ளுவதா என்பதை இந்த உயிர்த்தன்மையே பெரிதும் தீர்மானிக்கிறது.

பெங்களூரின் வடமேற்கே, ரயில் பாதையை ஒட்டி, மல்லேசுவரத்துக்கு அருகே அமைந்திருக்கிறது ஸ்ரீராம்புரம். பஞ்சாலைகளிலும் ரயில்வேயிலும் கட்டட வேலையிலும் உழைப்பதற்காகத் தமிழ்நாட்டு ஊர்களை விட்டுப் புறப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி அது. தமிழும் கன்னடமும் ஒரே வாசலில் கலந்து ஒலிக்கும் இடம். 2014-இல் அங்கே மெட்ரோ ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. பெரியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் அத்தகைய குடும்பங்களில் எழுவது இயல்பு. அப்போது யாரேனும் ஒருவர் வாயிலிருந்து, “எங்கள் வம்சத்து எலும்பே பலவீனம்; கம்பி வைத்தாலும் நிற்காது” என்ற வார்த்தை வந்துவிடுகிறது. அயலூரில், கையில் இருக்கும் சொற்பப் பணத்தோடு முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு இந்த வார்த்தை சாதாரணமானதன்று. சிகிச்சையையே நிறுத்திவிடும் வலிமை அதற்கு உண்டு. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அச்சம் என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

முறிந்த எலும்பைக் கூட்டும் கலை நம் நாட்டில் மிகப் பழமையானது. அத்தி, அரசு முதலிய மரங்களின் பட்டைகளையும் மூங்கிற் பத்தையையும் வைத்துக் கட்டும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. தமிழர் பலர் இன்றும் அறிந்த புத்தூர்க் கட்டு அந்த வழியில் வந்ததே. இந்தக் கட்டுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான நம்பிக்கை ஒன்று உண்டு: எலும்பை நேராக நிறுத்தி அசையாமல் வைத்தால், கூடும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த நம்பிக்கை சரியானதே. ஆனால் இடுப்பு மூட்டின் உள்ளே முறிந்ததையும், பல துண்டாய்ச் சிதறியதையும் வெளிக்கட்டு நிறுத்திவைக்க முடியாது. அங்கேதான் உலோகம் உள்ளே நுழைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசப் லிஸ்டர் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகே உடம்பினுள் உலோகம் வைப்பது ஓரளவு அச்சமின்றி நடந்தது. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்ததும், உள்ளே வைத்த தகடு எவ்வாறிருக்கிறது என்று கண்ணால் பார்க்க இயன்றது. 1958-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் அறுவை மருத்துவர் பதின்மூவர் கூடி, எலும்பு முறிவுக்குத் தகடும் திருகாணியும் பொருத்துவதை ஒழுங்கான சாஸ்திரமாக்க ஒரு சங்கம் அமைத்தனர். 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகத் தண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட செயற்கை இடுப்பு மூட்டை அக்ரிலிக் சிமென்டால் பொருத்தும் முறையை நிலைநாட்டினார். இன்று மருத்துவமனைகளில் ‘பிளேட்’, ‘ராடு’, ‘பால்’, ‘இம்பிளான்ட்’ என்றெல்லாம் நாம் கேட்கும் சொற்கள் இந்தப் பரம்பரையில் வந்தவை.

இவற்றுள் எலும்பின் குணத்தை நமக்கு மிக நன்றாக விளக்கியது பல் மருத்துவத்தில் பயன்பட்ட ஒரு கண்டுபிடிப்பாகும். 1952-இல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் பெர் இங்வார் பிரானெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் எலும்பினுள் இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக டைட்டானியம் என்னும் உலோகத்தால் செய்த நுண்ணிய பார்வைக் கூடு ஒன்றை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைத் திரும்ப எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தை விடாமல் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. பல ஆண்டுச் சோதனைக்குப் பின், 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானிய வேர்கள் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. அவை அவருடைய ஆயுள் முழுவதும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல், உழைத்தன.

பதித்த உலோகத்தைச் சுற்றி என்ன நடக்கிறது? துளையிட்ட இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பழுதுபட்ட எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வந்து இடிபாட்டை அகற்றுகின்றன. அவற்றைத் தொடர்ந்து எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் வந்து, சில வாரங்களில் அவசரமாய் ஒரு பின்னலை எழுப்புகின்றன. பிறகு மாதக்கணக்கில் அந்தத் தற்காலிகப் பின்னல் இடிக்கப்பட்டு, ஒழுங்கான அடுக்கெலும்பாகத் திரும்பக் கட்டப்படுகிறது. ஆகவே உலோகம் நிலைபெறுவது இருகட்டமாக நடக்கிறது. முதல் நாளில் அதைப் பிடித்திருப்பது இறுக்கம் மட்டுமே. ஆணி பலகையில் நிற்பது போன்றது அது. பின்னாளில் பிடித்திருப்பது புதிதாய் வளர்ந்த எலும்பு. பழைய பிடி தளர்ந்து புதிய பிடி உறுதிப்படாத சில வாரங்கள் இடையில் வரும். ஆபத்தான காலம் அதுதான்.

எலும்பின் அடர்த்தி எங்கே குறுக்கிடுகிறது என்பது இப்போது தெளிவாகும். முதற்கட்டப் பிடிக்கு அடர்த்தி வேண்டும். பஞ்சு போன்ற எலும்பில் திருகாணி இறுகாது. இரண்டாம் கட்டப் பிடிக்கோ இரத்த ஓட்டமும், இடிப்பதும் கட்டுவதும் முறையாக நடக்கும் தன்மையும் வேண்டும். பிரானெமார்க்கின் முறையில் கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதமும், மேல்தாடைக்குச் சுமார் 6 மாதமும் காத்திருந்தார்கள். மேல்தாடை எலும்பு துளைகள் மிகுந்து மென்மையாக இருப்பதே காரணம். ஒரே மனிதர், ஒரே இரத்தம், ஒரே வம்சம். எனினும் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. 1985-இல் லெக்ஹோம், ஸார்ப் என்ற இருவர் தாடை எலும்பை அடர்த்தி மிக்கது முதல் மிக மென்மையானது வரை நான்கு வகையாகப் பிரித்தனர். மிக மென்மையான நான்காம் வகையில் தோல்வி மிகுதி என்பது விரைவில் தெரிந்தது. மிக அடர்ந்த முதல் வகைக்கும் ஒரு சங்கடம் உண்டு. கடினமான எலும்பைத் துளையிடும்போது சூடு அதிகம். சூடு 47 டிகிரி செல்சியஸை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குச் சேதம் நேரும் என்று 1983-இல் ஸ்வீடனில் முயல்களைக் கொண்டு கண்டறிந்தார்கள். அதனால்தான் துளையிடும்போது குளிர்ந்த உப்புநீரை இடைவிடாமல் பாய்ச்சுகிறார்கள்.

அடர்த்தியை எண்ணாக அளக்கும் வழி 1960களில் பிறந்தது. 1963-இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் கேமரனும் ஸோரன்ஸனும் எலும்பினூடே கதிர்களைச் செலுத்தி, அது எவ்வளவு கதிரை மறிக்கிறது என்று அளந்தனர். 1987 முதல் ‘டெக்ஸா’ என்னும் இருகதிர் அளவைக் கருவி மருத்துவமனைகளுக்கு வந்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் எலும்புத் தேய்வுக்கு ஓர் எல்லைக்கோடு வகுத்தது. இளம் வயதினரின் சராசரியை விட 2.5 அளவு தாழ்ந்திருந்தால் அது நோய் எனப்பட்டது. யாருடைய சராசரி என்பதுதான் கேள்வி. பெரும்பாலான கருவிகளில் இருந்தது அமெரிக்க வெள்ளையரின் சராசரி. இந்தக் கருவி எலும்பின் நிழற்பரப்பைக் கொண்டு கணக்கிடுவதால், உருவத்தில் சிறிய எலும்பு உள்ளபடியே தாழ்ந்த எண்ணைக் காட்டும். சிறிய உடற்கட்டுள்ள நம்மவர் பலர் இவ்வாறு தேவைக்கு மேல் ‘பலவீனர்’ பட்டியலில் சேர்ந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டினருக்குரிய அளவுகோலை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டது இக்குறையைப் போக்குவதற்கே. டாக்டர் காட்டும் தாளில் உள்ள எண்ணைக் கண்டு கலங்கும் முன், அந்த எண் யாரோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது என்று கேட்டறிவது நல்லது.

இனி, பிறவியின் பங்கு என்ன? இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சிகளின்படி, மனிதருக்கு மனிதர் எலும்பு அடர்த்தியில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 50 முதல் 80 சதவீதம் வரை பாரம்பரியத்தால் வருவது. இது சிறிய பங்கன்று. ஆனால் இந்தப் பங்கு ஒரே மரபணுவில் ஒளிந்திருக்கவில்லை. பிரிட்டனில் 4,26,824 பேரின் குதிகால் எலும்பை அளந்து 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அடர்த்தியோடு தொடர்புடைய இடங்கள் மரபணுத் தொகுதியில் 518 உண்டு என்று காட்டியது. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை உப்பைப் போன்றது. எல்லாம் சேர்ந்தே சுவை. ஆகவே சாதாரணமாக நாம் ‘வம்சத்து எலும்பு’ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சிறு கொடைகளின் கூட்டுத்தொகை. அது தொடக்க நிலையை நிர்ணயிக்கிறது, முடிவையன்று.

அரிதாகச் சில குடும்பங்களில் ஒரே மரபணுவில் நேர்ந்த மாற்றம் எலும்பின் குணத்தையே மாற்றிவிடுவதுண்டு. அவற்றுள் ஒன்றை விளங்கிக்கொள்ளத் தமிழகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி துணைபுரிந்தது என்பது நமக்குப் பெருமை. எலும்பு என்பது சுண்ணாம்புச் சத்து மட்டுமன்று. கொல்லாஜன் என்னும் புரத நார்களால் நெய்த பாயின்மேல் சுண்ணாம்புத் துகள்கள் படிந்ததே எலும்பு. அந்த நாரின் அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து ஆராய்ந்து, 1954-இலும் 1955-இலும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு அது. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே அமர முடியும். பெரியது ஒன்று வந்தால் கயிறு முறுக்கேறாது. 1980களில் விஞ்ஞானிகள், பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயுள்ள குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, அவர்களுள் பலரிடம் இந்தக் கிளைசினின் இடத்தில் வேறொன்று அமர்ந்திருக்கக் கண்டார்கள். ராமச்சந்திரன் பின்னர் 1970களின் தொடக்கத்தில் பெங்களூர் வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை அமைத்தார். ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்தக் கழகம்.

நொறுங்கும் எலும்புடைய இந்தக் குழந்தைகளுக்கு உலோகம் பயன்படாது என்று மருத்துவர்கள் கைவிடவில்லை. 1959-இல் அமெரிக்காவில் ஸோஃபீல்டும் மில்லரும், வளைந்த கால் எலும்பைத் துண்டுகளாக்கி ஒரு கம்பியில் கோத்து நேராக்கும் முறையை வெளியிட்டார்கள். 1960களில் எலும்பு வளர வளரத் தானும் நீளும் இரட்டைக் கம்பி வந்தது. இக்குழந்தைகளின் முறிவுகள் பெரும்பாலும் ஏனையோருக்கு ஆவது போலவே கூடிவிடுகின்றன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கூடிய எலும்பும் பழையதைப் போல் மெலிந்ததே. அதனால்தான் உள்ளே ஒரு கம்பி காவலாய் இருக்கிறது. பிறவியிலேயே இவ்வளவு மெலிந்த எலும்புக்கும் ஆறும் சக்தி இருக்கிறதென்றால், மற்றவர் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை.

அடர்த்தி மிகுந்தால் எல்லாம் நலமாகிவிடுமா? சரித்திரம் இதற்கு இருவேறு விடைகளைத் தருகிறது. 1904-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ஸ் ஷேன்பெர்க் என்ற மருத்துவர், எக்ஸ்ரே படத்தில் பளிங்கைப் போல் வெண்மையாகத் தெரியும் எலும்புகளைக் கண்டார். இது ஒரு பாரம்பரிய நோய். எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் அங்கே வேலை செய்வதில்லை. பழையதை இடிக்காமல் மேலே மேலே கட்டிக்கொண்டே போகும் வீட்டைப் போல் அந்த எலும்பு கனக்கிறது. ஆனால் சுண்ணாம்புக் கட்டியைப் போல் ஒடிகிறது. ஒடிந்தால் மெதுவாகக் கூடுகிறது. துளையிடும் கருவி அதில் நுழையத் திணறும்; தாடையில் புண் வந்தால் எளிதில் ஆறாது. அடர்த்தி எண் மிக உயர்ந்த இந்த எலும்பே உலோகத்துக்கு மிக அவநம்பிக்கையான நிலம்.

மற்றொரு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. நெப்ராஸ்காவில் உள்ள கிரைட்டன் பல்கலைக்கழகத்தார், மோட்டார் விபத்தில் சிக்கியும் எலும்பு முறியாத இளவயதினர் ஒருவரின் குடும்பத்தை ஆராய்ந்து, அக்குடும்பத்தின் எலும்பு வழக்கத்துக்கு மிஞ்சிய அடர்த்தியும் உறுதியும் உடையது என்று 1997-இல் தெரிவித்தனர். 2002-இல் காரணமான மரபணு எல்ஆர்பி5 என்று தெரிந்தது. இதே மரபணு செயலிழந்தால் எலும்பு மிக மெலிந்து கண்பார்வையும் கெடும் என்பது அதற்கு முந்தைய ஆண்டு, 2001-இல் வெளிப்பட்டிருந்தது. ஒரு பூட்டின் ஒரே திறவுகோல் இருபுறமும் திரும்புவது போன்றது இது. ஹாலந்தில் உர்க் என்னும் மீனவர் ஊரிலும், தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்களிலும் காணப்பட்ட வேறிரு அடர்ந்த எலும்பு நோய்கள் ஸ்கிளிராஸ்டின் என்னும் புரதத்தின் குறைவால் வருவன என்பதும் 2001 முதல் தெரியலாயிற்று. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரோமோஸோஸுமாப் என்னும் மருந்து 2019-இல் எலும்புத் தேய்வுக்கு அனுமதி பெற்றது. அடர்த்தியை வேகமாக உயர்த்தும் மருந்து அது. ஆயினும் இடுப்பு முறிவுக்கும் கீழ்க்கால் முறிவுக்கும் உலோகம் பொருத்திக்கொண்டவர்களிடம் அதைச் சோதித்தபோது முறிவு விரைந்து கூடவில்லை என்று 2020-இல் முடிவுகள் வெளியாயின. அடர்த்தி ஒன்று, ஆறும் திறன் வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தவை யாவும் பிறவியால் வந்தவை என்று நிரூபிக்கப்பட்டவை. ஒரு குடும்பத்தில் பலருக்கு ஒரே கோளாறு இருந்தால் அது வம்சத்தால் வந்தது என்று உடனே முடிவுகட்டுவது சரியா? தமிழர் அறிய வேண்டிய இரண்டு வரலாறுகள் இக்கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

முதலாவது நீரின் வரலாறு. 1937-இல், சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் ஒரு நோயைக் கண்டறிந்து எழுதினார்கள். ஊரில் பலருக்கு முதுகு விறைத்திருந்தது, மூட்டுகள் மடங்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு அடர்ந்து வெண்மையாகத் தெரிந்தது. குடும்பம் குடும்பமாக வந்ததால் பரம்பரை நோயென்று தோன்றக்கூடியது அது. காரணமோ கிணற்று நீரிலிருந்த ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் இதே உப்பு மிகுதி. அங்குள்ளோருக்குக் காவிரி நீர் வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டபோது, அதன் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பும் ஒரு நோக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பெங்களூர்த் தமிழர் பலருக்கு அந்த வட்டாரங்களே பூர்வீகம். இளமையில் அந்த நீரைக் குடித்து வளர்ந்து, பின் வேலை தேடி வந்தவரின் எலும்பு, அளவைக் கருவியில் நல்ல எண்ணைக் காட்டலாம். உள்ளே தரம் குறைந்திருக்கலாம். அவர்கள் சுமந்து வந்தது தாத்தாவின் இரத்தத்தை மட்டுமன்று; ஊர்க் கிணற்றின் நீரையும் எலும்பில் சுமந்து வந்தார்கள். அறுவை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் பலரும் சொல்வதில்லை, கேட்போரும் குறைவு.

இரண்டாவது வரலாறு இதற்கு நேர்மாறானது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம், சாகர தாலுகாவில் ஹந்திகோடு என்னும் சிற்றூர் இருக்கிறது. 1974-75-இல் அங்கும் சுற்றுப்புறத்திலும் ஏழை விவசாயக் கூலிகளாகிய பட்டியல் சாதியினரிடையே ஒரு வியாதி வெளிப்பட்டது. இடுப்பு மூட்டும் முழங்காலும் வலித்து, நடை தளர்ந்து, சிலர் தவழும் நிலைக்கு வந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வந்து ஆராய்ந்தனர். பூச்சிமருந்து தெளித்த வயல்களில் பிடித்த நண்டையும் மீனையும் உண்டதால் வந்திருக்குமோ என்ற ஐயம் அந்நாளில் எழுந்தது. ஆனால் குடும்பவழிகளை வரைந்து, எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த எஸ். எஸ். அகர்வால் முதலியோர், இது எலும்பு முனைகளின் வளர்ச்சியைக் கெடுக்கும் பாரம்பரிய நோய் என்று 1994-இல் வெளியிட்டனர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தென்னாப்பிரிக்காவின் ம்ஸெலேனி என்ற இடத்திலும் இதையொத்த நோய் உண்டு. இரண்டும் ஒன்றுதானா என்ற கேள்வியை 1997-இல் அவர்களே ஆராய்ந்தனர்.

தண்ணீரால் வந்தது வம்சத்தால் வந்தது போல் தோன்றியது. வம்சத்தால் வந்தது உணவால் வந்தது போல் தோன்றியது. இரண்டிலும் துன்புற்றவர்கள் ஏழைகள். காரணத்தைச் சரியாக அறிந்தால்தான் பரிகாரமும் சரியாக அமையும். முன்னதற்கு நல்ல நீர் வேண்டும். பின்னதற்கு மூட்டுச் சிகிச்சையும் மறுவாழ்வு உதவியும், குடும்பத்தாருக்கு மரபியல் ஆலோசனையும் வேண்டும்.

தென்னிந்தியருக்குரிய மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம்மிடையே உள்ள வழக்கம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அப்பாஜி ராவும், பிட்டில்ஸ் முதலிய அயல்நாட்டு அறிஞரும் சேர்ந்து, 1980 முதல் 1989 வரை பெங்களூரிலும் மைசூரிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தம்பதியரின் விவரங்களைத் திரட்டினார்கள். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறவுமுறைத் திருமணம். இவ்வழக்கத்தால் அனைவருடைய எலும்பும் மெலிந்துவிடுவதில்லை. தாயிடமும் தந்தையிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது குழந்தையிடம் இரண்டாய்ச் சேரும் வாய்ப்புதான் கூடுகிறது. பளிங்கெலும்பு நோயின் கடுமையான வகையும், எல்ஆர்பி5 செயலிழப்பால் வரும் நோயும் அவ்வாறு வருபவை. நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் பிள்ளைக்கு அடிக்கடி எலும்பு முறிந்தால், அதை விதியென்று விடாமல் மரபியல் அறிந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி நம் முதற்கேள்விக்குத் திரும்புவோம். “எங்கள் வம்சத்து எலும்பு பலவீனம்” என்பதில் உண்மை இருக்கலாம். தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் முறிவு வரும் சாத்தியம் சற்று மிகுதி என்பது தெரிந்ததே. ஆனால் “கம்பி வைத்தாலும் நிற்காது” என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று. மெலிந்த எலும்புக்கென்றே மருத்துவம் பல வழிகளைக் கண்டிருக்கிறது. திருகாணியின் தலையும் தகட்டோடு பூட்டிக்கொள்ளும் தகடு 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவலாயிற்று. எலும்பு மென்மையாயிருந்தாலும் அது எளிதில் பெயர்வதில்லை. எலும்பு பிடிக்காத இடத்தில் சார்ன்லியின் சிமென்ட் பிடிக்கும். தாடையில் பதிப்பதானால் நீண்ட வேர், சிறிய துளை, கூடுதலான காத்திருப்பு என்று முறையை மாற்றிக்கொள்கிறார்கள். எலும்பைப் பலப்படுத்தும் மருந்துகளும் உண்டு. இவற்றுள் எது வேண்டும் என்று தேர்வதற்குத்தான் மருத்துவர் நம் பரம்பரையை அறிய வேண்டும்.

பிறவியை மாற்ற இயலாது. ஆனால் பதித்த உலோகம் ஆறுவதைக் கெடுக்கும் காரணங்களுள் பல நம் கையில் இருப்பவை. பீடி, சிகரெட்டுப் புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் தீங்கானது. வெயில் மிகுந்த நாட்டில் இருந்தும், நெருக்கமான தெருக்களில் வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் வைட்டமின் டி குறைகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் சிறு பகுதியும் இல்லை. தருமபுரியின் களியும் மைசூர்ச் சீமையின் ராகி முத்தெயும் ஒரே தானியத்தின் இரு பெயர்கள். பிறந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் ஒன்றாய்ப் பாராட்டிய அந்த உணவை நகர வாழ்க்கையில் இழந்துவிட வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்குச் செல்பவர் நான்கு செய்திகளை மருத்துவரிடம் தாமாகவே சொல்லுதல் நன்று. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் எலும்பு முறிந்தது. இளமையில் எந்த ஊர் நீரைக் குடித்து வளர்ந்தார். பெற்றோர் உறவில் மணந்தவர்களா. இப்போது என்ன மருந்து உண்கிறார், புகைப் பழக்கம் உண்டா. மொழி தெரியாத ஊரில் டாக்டர் முன் நா எழாமற்போவது உண்டு. அப்போது கன்னடம் பேசத் தெரிந்த பிள்ளையையோ அண்டை வீட்டாரையோ உடன் அழைத்துச் சென்று இவற்றைச் சொல்லச் செய்யலாம். அளவைக் கருவி காட்டாத செய்திகள் இவை. வம்சத்தைச் சொல்லி வீட்டிலேயே படுத்திருப்பதைவிட, அதே வம்சத்தை மருத்துவரிடம் விளக்கிச் சொல்லிச் சிகிச்சை பெறுவதே முறிந்த எலும்புக்கு நாம் செய்யக்கூடிய உதவி.